காலனிக் கால அமெரிக்கக் கடைப் பேரேட்டைப் படிப்பது எப்படி?

1760களில் மாசசூசெட்ஸின் உள்நாட்டு ஊர் ஒன்றில் கடை வைத்திருந்தவரின் பேரேட்டைத் திறந்தால், பக்கம் பக்கமாகப் பவுன், ஷில்லிங், பென்ஸ் என்று தொகை எழுதியிருக்கும். பணம் தாராளமாகப் புழங்கிய ஊர் போலிருக்கிறதே என்று தோன்றும். அந்த நினைப்போடு படித்தால் முதல் பக்கத்திலேயே தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அந்தத் தொகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காசு கைமாறவே இல்லை. ஒருவர் வந்து மொலாசஸ் பாகு வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்து வந்து புல் அறுத்துக் கொடுத்தார். பாகையும் உழைப்பையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கத்தான் பவுன் கணக்கு உதவியது.

காசுப் பஞ்சத்துக்குக் காரணம் உண்டு. காலனிகள் சொந்தமாக நாணயம் அடிக்க இங்கிலாந்து அனுமதிக்கவில்லை. மாசசூசெட்ஸ் மட்டும் 1652இல் ஒரு நாணயச்சாலையைத் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டு நடத்தியது. மேற்கிந்தியத் தீவு வணிகத்தில் ஸ்பானிய வெள்ளி டாலர் வந்து சேர்ந்தாலும், இங்கிலாந்திலிருந்து வாங்கிய துணிக்கும் இரும்புச் சாமானுக்கும் விலையாகத் திரும்பக் கப்பலேறிவிட்டது. ஊருக்குள் மிஞ்சியது கடன் கணக்குதான்.

இத்தகைய ஏடுகள் ஊஸ்டர் நகரிலுள்ள அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் பேக்கர் நூலகம், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஆகிய இடங்களில் இருக்கின்றன. ஏடு எங்கே கிடைத்தாலும் கீழே சொல்வதை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில், கையில் இருப்பது எந்த ஏடு?

பெரிய வணிகர் மூன்று ஏடு வைத்திருப்பார். நடந்தது நடந்தபடி எழுதுவது சிட்டை. அதை ஒழுங்குபடுத்தி எழுதுவது குறிப்பேடு. ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. விவசாயிகளும் கைவினைஞர்களும் இவ்வளவு சிரமப்படுவதில்லை. ஒரே ஏட்டில் ஒற்றைப் பதிவாக எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடுவார்கள்.

தேதி வரிசையில் பல பெயர்கள் கலந்து வந்தால் அது சிட்டை. ஒரு பெயருக்கு ஒரு பக்கம் என்றால் பேரேடு. பேரேட்டில் எதிரெதிரான இரண்டு பக்கங்களுக்கும் ஒரே எண்தான் இருக்கும். ஆகவே குறிப்பெடுக்கும்போது ‘47 இடம்’, ‘47 வலம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். வெறும் 47 என்று எழுதிவைத்தால் பிறகு நீங்களே தடுமாறுவீர்கள். சிட்டையின் ஓரத்தில் காணும் சிறிய எண், அந்தப் பதிவு பேரேட்டில் எந்தப் பக்கத்துக்குப் போனது என்பதைக் காட்டும்.

சிட்டையில் பதிவின் மேல் சாய்வாகக் கோடு இழுத்திருந்தால் ரத்து என்று எண்ணவேண்டாம். பேரேட்டில் ஏற்றியாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. பேரேட்டுப் பக்கம் முழுவதும் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று பொருள். புதிதாகப் படிப்பவர்கள் கோடு போட்ட பதிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுவதுண்டு. அவர்கள் கூட்டுவது முழுவதும் தீராத கணக்கு மட்டுமே, ஆகவே ஊரே கடனில் மூழ்கிக் கிடந்ததாக முடிவு வரும்.

இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. பெயருக்குரியவர் கடையிலிருந்து எடுத்துப்போனது இடப்பக்கம். அவர் கொண்டுவந்து கொடுத்தது, செய்து கொடுத்தது வலப்பக்கம். ஆங்கில ஏட்டில் இடப்பக்க வரிகள் ‘டு’ என்றும் வலப்பக்க வரிகள் ‘பை’ என்றும் தொடங்கும். வலப்பக்கத் தலைப்பில் ‘காண்ட்ரா’ என்று இருக்கலாம். ‘பற்றெழுதிக்கோங்க’ என்று மளிகைக் கடையில் சொல்லிப் பழகியவர்களுக்கு இது எளிதாகவே பிடிபடும். வங்கி அறிக்கையை மனத்தில் வைத்துப் படிப்பவர்களுக்குத்தான் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

அடுத்து, எந்த ஊர்ப் பவுன்?

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் கணக்குதான் பெரும்பாலும் பாழாகிறது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன், கால் பென்னி ஒரு ஃபார்த்திங் என்பது எங்கும் ஒன்றே. ஆனால் பவுனின் மதிப்பு காலனிக்குக் காலனி வேறு. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் பவுன் இவற்றில் எதற்கும் சமமில்லை.

ஒப்பிட ஒரே வழி ஸ்பானிய டாலர். 1760களின் பிற்பகுதியிலும் 1770களின் தொடக்கத்திலும் ஒரு டாலர் லண்டனில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர், வர்ஜீனியாவில் 6 ஷில்லிங். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாந்தில் 7 ஷில்லிங் 6 பென்ஸ். நியூயார்க்கிலும் வட கரோலினாவிலும் 8 ஷில்லிங். ஜார்ஜியாவில் 5. தென் கரோலினா தனி உலகம். அங்கே உள்ளூர்ப் பணம் ஏறத்தாழ 7 பவுன் கொடுத்தால்தான் 1 ஸ்டெர்லிங் பவுன். டாலருக்கு 6 ஷில்லிங்குக்கு மேல் வைக்கக்கூடாது என்று 1704இல் ஆன் அரசி பிரகடனம் செய்தார். 1708இல் அது சட்டமாகவும் ஆனது. நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் அதை எவ்வளவு மதித்தன என்பது மேலே உள்ள எண்களிலேயே தெரிகிறது.

ஆகவே இரண்டு காலனிகளின் விலையை ஒப்பிடும்போது முதலில் இரண்டையும் டாலராக்குங்கள். 24 ஷில்லிங் மாசசூசெட்ஸ் பணம் 4 டாலர். அதே 4 டாலர் பிலடெல்பியாவில் 30 ஷில்லிங், நியூயார்க்கில் 32, லண்டனில் 18. நியூயார்க்கில் விலைவாசி அதிகம் என்று எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நியூ இங்கிலாந்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கியூபெக் படையெடுப்பிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க 1690இல் மாசசூசெட்ஸ் காகிதப் பணம் அச்சிட்டது. பிறகு அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே போய், 1749இல் ஒரு டாலருக்கு 45 ஷில்லிங் காகிதப் பணம் என்ற நிலை. கனடாவில் பிரெஞ்சுக்காரர்களின் லூயிஸ்பர்க் கோட்டையைப் பிடித்த செலவுக்காக இங்கிலாந்து அனுப்பிய வெள்ளியைக் கொண்டு அந்தக் காகிதத்தையெல்லாம் திரும்ப வாங்கினார்கள். 1750 முதல் டாலருக்கு 6 ஷில்லிங் என்ற ‘லாஃபுல் மணி’ நடப்புக்கு வந்தது. பழைய காகிதப் பணத்துக்கு ‘ஓல்டு டெனர்’ என்று பெயர். காகிதம் ஒழிந்த பின்னும் பழக்கம் ஒழியவில்லை; கடைக்காரர்கள் ‘ஓ.டி.’ என்று குறித்துப் பழைய பணத்திலேயே விலை எழுதிக்கொண்டிருந்தார்கள். மாசசூசெட்ஸ் ஏட்டில் ஓ.டி. தொகையை 7.5 ஆல் வகுத்தால் லாஃபுல் மணி வரும். 1750க்குப் பிந்திய ரோட் ஐலண்ட் ஏட்டுக்கு இந்த வகுத்தல் செல்லாது. அங்கே பழைய காகிதம் தொடர்ந்து புழங்கி மேலும் மேலும் மதிப்பிழந்தது.

ஒரே ஏட்டில் வேறு நாணயப் பெயர்களும் தலைகாட்டும். ‘ஹாஃப் ஜோ’ என்பது போர்ச்சுகல் தங்கக் காசு. 8 டாலர் மதிப்பு, மாசசூசெட்ஸில் 2 பவுன் 8 ஷில்லிங். ‘மொய்டோர்’ 6 டாலர். காசு கொடுத்துத் தீர்த்த பதிவு அரிது என்பதால் இப்படி ஒரு வரி கண்டால் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

விலை எதில் செலுத்தப்படுகிறது என்பதும் விலையை மாற்றும். சாரா கெம்பிள் நைட் என்ற பாஸ்டன் பெண்மணி 1704இல் கனெக்டிகட் வழியாகக் குதிரையில் போனபோது தம் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்தார். ஒரு கத்தி வெள்ளிக் காசுக்கு 6 பென்ஸ். சட்டமன்றம் நிர்ணயித்த விலையில் தானியமோ இறைச்சியோ கொடுத்தால் 12 பென்ஸ். அதே தானியத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து மதிப்பிட்டுக் கொடுத்தால் 8 பென்ஸ். வாங்குபவர் எதைக் கொடுக்கப்போகிறார் என்று கேட்ட பிறகே கடைக்காரர் விலை சொல்வாராம். ஏட்டில் ஒரே பொருளுக்கு மூன்று விலை கண்டால் கை தவறிவிட்டது என்று திருத்தப் போகாதீர்கள்.

எழுத்தும் அளவையும்

தொகைகள் மூன்று பத்திகளில் பவுன், ஷில்லிங், பென்ஸ் என்று இருக்கும். வரிக்குள் வரும் ‘2/3’ மூன்றில் இரண்டு அல்ல. 2 ஷில்லிங் 3 பென்ஸ். கூட்டும்போது பென்ஸ் பத்தியை 12 ஆலும் ஷில்லிங் பத்தியை 20 ஆலும் வகுத்து ஈவை இடப்புறத்துப் பத்திக்குக் கொண்டுபோங்கள். கணினியில் ஏற்றுவதாக இருந்தால் எல்லாவற்றையும் பென்ஸாக்கி (1 பவுன் = 240) ஒரே பத்தியில் வைத்துக்கொள்வது உத்தமம். மூலத்தில் உள்ளபடி மூன்று பத்திகளையும் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். தவறு நேர்ந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் வழி.

எடையும் இதே தோற்றத்தில் வரும் என்பதுதான் சங்கடம். ‘2.1.14’ என்று கண்டால் 2 பவுன் 1 ஷில்லிங் என்று படிக்கத் தோன்றும். மூன்றாவது எண் 11ஐத் தாண்டினால் அது பென்ஸாக இருக்க முடியாது. அது 2 அந்தர் (‘ஹண்ட்ரட்வெயிட்’), 1 குவார்ட்டர், 14 ராத்தல் (எடைப் பவுண்டு). ஓர் அந்தர் 112 ராத்தல், 100 அல்ல. குவார்ட்டர் 28. ஆக 224 + 28 + 14 = 266 ராத்தல். அந்தர் 56 ஷில்லிங் என்று சர்க்கரை விலை எழுதியிருந்தால் ராத்தல் 6 பென்ஸ். 266 ராத்தலுக்கு 6 பவுன் 13 ஷில்லிங். 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கடைக்காரர் கூட்டியது தவறு என்று தோன்றும். தவறு நம்முடையது.

ஆங்கிலத்தில் எடைக்கும் பணத்துக்கும் ஒரே சொல். தமிழில் ராத்தல், பவுன் என்று இரண்டு சொற்கள் இருப்பது நமக்கு வசதி. குறிப்பெடுக்கும்போது அந்த வேறுபாட்டை விடாமல் எழுதுங்கள்.

துணிக்குக் கஜம். கால் கஜம் ஒரு ‘குவார்ட்டர்’, அதில் கால் ஒரு ‘நெயில்’, அதாவது இரண்டேகால் அங்குலம். துணிப் பதிவில் ‘நெயில்’ வந்தால் இரும்பாணியைத் தேடாதீர்கள். அதே பக்கத்தில் ‘காலிக்கோ’ என்று கண்டால் அது பருத்தித் துணி. நம் கோழிக்கோட்டின் பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. தானியத்துக்குப் புஷல், அதில் கால் பங்கு ‘பெக்’. சாராயத்துக்கும் பாகுக்கும் 231 கன அங்குலக் காலன். ‘ஹாக்ஸ்ஹெட்’ என்ற பெரிய பீப்பாய்க்கு மட்டும் நிலையான அளவு ஒன்றை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒயினுக்கு அது 63 காலன். ரம், மொலாசஸுக்கு 100 காலனையொட்டி. புகையிலைக்கோ 1,000 ராத்தல் அளவில். பக்கத்தில் காலனோ ராத்தலோ எழுதியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1600களின் ஏடுகளில் ரோமன் எண்களும் வரும். கடைசி ‘ஐ’க்குப் பதில் ‘ஜே’ எழுதுவார்கள். மூன்று ஐ, ஒரு ஜே என்றால் நான்கு. சொல் நடுவில் ‘எஃப்’ போலத் தெரியும் எழுத்து பெரும்பாலும் நீண்ட ‘எஸ்’.

தேதியில் ஓராண்டு தொலையும்

1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே 1740 டிசம்பருக்குப் பிறகு வருவது 1740 ஜனவரி. குழப்பம் தவிர்க்கப் பலர் ‘1740/1’ என்று எழுதினார்கள், எழுதாதவர்களும் உண்டு. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளை முன்பின் பக்கங்களோடு ஒத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கியதற்கு ஓராண்டு முன்பே கடனை அடைத்தவர் ஒருவர் உங்கள் பட்டியலில் வந்து நிற்பார். 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இடையில் ஏட்டின் தாள் கிழிந்துபோகவில்லை.

‘8பர்’ என்றால் ஆகஸ்ட் அல்ல, அக்டோபர். ‘7பர்’ செப்டம்பர். குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் மாதப் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதுவார்கள். அவர்களுடைய முதல் மாதம் 1752க்கு முன் மார்ச், அதற்குப் பின் ஜனவரி.

ஒரு மாதிரிக் கணக்கு

பழகுவதற்காக நாமே அமைத்த கணக்கு இது. மாசசூசெட்ஸ், 1760கள், லாஃபுல் மணி.

பற்று:
மொலாசஸ் 2 காலன், காலன் 1/10 — 3 ஷி. 8 பெ.
காலிக்கோ 3 கஜம், கஜம் 3/6 — 10 ஷி. 6 பெ.
‘போகி’ என்ற கறுப்புத் தேயிலை கால் ராத்தல், ராத்தல் 6/0 — 1 ஷி. 6 பெ.
உப்பு 1 புஷல் — 2 ஷி. 4 பெ.
உங்கள் சொற்படி கொல்லருக்குக் கொடுத்தது — 6 ஷி.
மொத்தம் 1 பவுன் 4 ஷி.

வரவு:
புல் அறுப்பு 4 நாள், நாள் 2/8 — 10 ஷி. 8 பெ.
மக்காச்சோளம் 5 புஷல், புஷல் 2/6 — 12 ஷி. 6 பெ.
மொத்தம் 1 பவுன் 3 ஷி. 2 பெ.
நிலுவை 10 பென்ஸ்.

இதில் கவனிக்க வேண்டியது கொல்லர் வரிதான். விவசாயி கொல்லருக்குக் கடன்பட்டிருக்கிறார். கொல்லர் கடையில் சாமான் வாங்குகிறார். கடைக்காரர் விவசாயியின் கணக்கில் 6 ஷில்லிங் பற்று எழுதி, கொல்லரின் கணக்கில் 6 ஷில்லிங் வரவு வைக்கிறார். ஒரு காசுகூட நகராமல் மூன்று பேர் கணக்கு நேராகிறது. இப்படிப்பட்ட வரிகளை மட்டும் தனித்தாளில் எழுதி, யார் யாரோடு கோர்க்கப்பட்டிருக்கிறார் என்று கோடு போட்டுப் பார்த்தால் ஊரின் உண்மையான பொருளாதாரம் தெரியும். வேறொருவர் ஏடும் கிடைத்தால் அதே தொகையை அங்கேயும் தேடுங்கள்.

கூலி அடுத்தது. சாதாரண நாட்கூலி 2 ஷில்லிங் அளவில் இருந்த இடத்தில் வைக்கோற்புல் அறுக்கும் பருவத்தில் கூடுதலாகக் கொடுத்தார்கள், குளிர்காலத்தில் குறைத்தார்கள். எனவே கூலியை மாதத்தோடு சேர்த்துக் குறியுங்கள். வருடச் சராசரி எதற்கும் உதவாது.

தொகையை இன்றைய டாலராகவோ ரூபாயாகவோ மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். வேலை நாளாக மாற்றுங்கள். நாளுக்கு 2 ஷில்லிங் கூலியில் அந்த மூன்று கஜம் காலிக்கோ ஐந்தேகால் நாள் உழைப்பு. ஏன் வீட்டில் ஓயாமல் இராட்டை சுற்றினார்கள் என்பது இந்த ஓர் எண்ணிலேயே விளங்கிவிடும்.

புகையிலை நாட்டுக்குப் போனால்

வர்ஜீனியா, மேரிலாந்து ஏடுகளில் பணப் பத்திக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு பத்தி இருக்கலாம். அது புகையிலை ராத்தல். வரி, கோயில் கட்டணம், நீதிமன்றச் செலவு எல்லாம் புகையிலையில் கட்டப்பட்டன. வர்ஜீனியாவில் பாதிரியாரின் ஆண்டுச் சம்பளம் 16,000 ராத்தல் புகையிலை. 1730ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாயி புகையிலையை அரசுக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சோதித்து, சோடையைக் கழித்து எரித்துவிட்டு, மீதத்துக்குச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டே பணமாகக் கைமாறியது. கடைக் கணக்கில் ‘புகையிலை’ என்று வரவு வைத்திருந்தால் பெரும்பாலும் கடைக்கு வந்தது சீட்டு. பீப்பாய் கிடங்கிலேயே கிடந்தது.

புகையிலைப் பத்தியையும் பணப் பத்தியையும் நிலையான ஒரு விகிதத்தில் இணைக்காதீர்கள். 1758இல் விளைச்சல் கெட்டு விலை ராத்தல் 6 பென்ஸ் அளவுக்கு ஏறியபோது, புகையிலைக் கடனை ராத்தலுக்கு 2 பென்ஸ் வீதம் பணமாகக் கட்டலாம் என்று வர்ஜீனியா சட்டமன்றம் விதித்தது. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்த பாதிரியார்கள் வழக்குப் போட்டார்கள். 1763இல் அத்தகைய வழக்கொன்றில் பாட்ரிக் ஹென்றி என்ற வழக்கறிஞர் பாதிரியாரை எதிர்த்து வாதாடினார். நடுவர் குழு பாதிரியாருக்குக் கொடுத்த இழப்பீடு ஒரு பென்னி. அந்த ஆண்டுகளின் ஏட்டில் சந்தை விலை எது, சட்ட விலை எது என்று ஒவ்வொரு வரியிலும் பார்க்கவேண்டியிருக்கும். கிளாஸ்கோவின் ஜான் கிளாஸ்ஃபோர்டு நிறுவனம் நடத்திய கடைகளின் ஏடுகள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ளன. புகையிலைக் கணக்குக்குப் பழக அவற்றைவிட நல்ல இடம் இல்லை.

பெயரும் பெயரில்லாதவர்களும்

‘ஜூனியர்’ என்றால் மகன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவர் ஜூனியர். உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் இவரே சீனியர் ஆகிவிடுவார். ‘பிரதர்’ என்பவர் மைத்துனராகவோ ஒரே சபையைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம்.

கணக்கின் தலைப்பில் இருப்பது பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் பெயர். மணமான பெண்ணின் உழைப்பு சட்டப்படி கணவன் கணக்கில் சேர்ந்தது. வலப்பக்கத்தில் நூல் நூற்றது, நெசவு, வெண்ணெய், முட்டை என்று வருமிடமெல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்று ஓரக்குறிப்பு எழுதுங்கள். விதவைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. அடிமைகளின் உழைப்பும் வேறொருவர் கணக்கில்தான் சேர்ந்தது. ‘உங்கள் ஆள் 2 நாள்’ என்ற பொருளில் எழுதி எசமானருக்கு வரவு வைப்பார்கள். வர்ஜீனியாக் கடை ஏடுகள் சிலவற்றில் அடிமைகள் தாங்களே வந்து கோழியோ பருத்தியோ கொடுத்துச் சாமான் வாங்கிய பதிவும் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரும் எசமானர் பெயரும் மட்டும் வரும் வரிகளைத் தவறவிடாதீர்கள்.

கணக்குத் தீர்ந்ததா?

பல ஆண்டுகள் ஓடிய பிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்து, நிலுவையை அடுத்த பக்கத்துக்கு ஏற்றிக் கையெழுத்திடுவார்கள். எழுதத் தெரியாதவர் கீறல் போடுவார். இப்படிப்பட்ட ஏட்டுக் கடனுக்குப் பொதுவாக வட்டி இல்லை. நிலுவையைப் பிராமிசரி நோட்டாக எழுதிய நாளிலிருந்துதான் வட்டி ஓடத் தொடங்கும். மாசசூசெட்ஸில் சட்டப்படியான உச்சவரம்பு 6 சதவீதம். ஏட்டின் கடைசி வரியில் ‘பை நோட்’ என்று இருந்தால் கடன் அடைந்துவிடவில்லை, பேரேட்டைவிட்டு வேறு தாளுக்குப் போயிருக்கிறது.

கையெழுத்தும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை, தேதிகள் பாதியில் நின்றுபோயிருக்கின்றன என்றால் அந்த மாவட்டத்தின் உயில், சொத்துப் பட்டியல் ஆவணங்களைத் தேடுங்கள். கடைக்காரர் இறந்தபோது எடுத்த பட்டியலில் வரவேண்டிய ஏட்டுக் கடன்களையும் சேர்ப்பார்கள். வசூலாகக்கூடியவை ஒருபுறம், ‘டெஸ்பரேட்’ கடன்கள் மறுபுறம். நாம் வாராக்கடன் என்பதைத்தான் அவர்கள் அப்படி எழுதினார்கள். உங்கள் பேரேட்டில் பாதியில் நின்ற பெயர் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.